14 மாடிக்கு அஸ்திவாரம் போட்டவர்

நம்ம திருத்தணி மலைக்கு எத்தனை படின்னு கேட்டா சின்னப் பிள்ளைகூட 365ன்னு சொல்லிடும். நாளுக்கு ஒரு படி. டிசம்பர் 31 படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை நடக்கிறதை நீங்களே பார்த்திருப்பீங்க.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. ஒரு படி 15 சென்டிமீட்டர் உயரம்னு வெச்சுக்கோங்க. 365ஐ 15ஆல் பெருக்கினால் 5,475 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 55 மீட்டர். சென்னை அண்ணா சாலையில் நிற்கும் எல்ஐசி கட்டடத்தின் உயரம் 54 மீட்டர், அதாவது 177 அடி. அந்தக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தரைக்கு வருவது, கணக்குப்படி பார்த்தால், நம்ம மலைப்படி முழுவதையும் இறங்கி வருவது மாதிரி.

ஆடிக் கிருத்திகை அன்னைக்குக் காவடிக் கூட்டத்துக்கு நடுவுல அந்தப் படியில் இறங்கியிருக்கீங்களா? பகல் வெளிச்சத்துல, திறந்த வெளியில, காத்து அடிக்கும்போதே எவ்வளவு நேரம் பிடிக்குது! அதே இறக்கத்தை நாலு சுவருக்குள்ள, கரண்ட் போன இருட்டுல, கண்ணைத் திறக்க முடியாத புகையில நினைச்சுப் பாருங்க. மலையிலாவது படியை விட்டால் மோட்டார் ரோடு இருக்கு. ஒரு வழி அடைச்சா இன்னொரு வழி. நீங்க குடியிருக்கிற மாடி வீட்டுல அந்த இரண்டாவது வழி எங்கே?

இந்தக் கேள்வியை மனசுல வெச்சுக்கிட்டு, அந்த எல்ஐசி கட்டடத்தைக் கட்டத் தொடங்கியவரின் கதையைக் கேளுங்க. அவர் பெயர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பெயர் கொடுத்தவர் எம்.ஏ. சிதம்பரம், அவர் வேற. கிரிக்கெட் பார்க்கிற நம்மில் பாதிப் பேர் ரெண்டு பேரையும் குழப்பிக்கிறோம்.

நம்மாள் பிறந்தது 1908 ஆகஸ்டு 2. செட்டிநாட்டு நகரத்தார் குடும்பம். அப்பா சர் எம்.சிடி. முத்தையா செட்டியார், சென்னையிலும் கடல் கடந்தும் பெரிய பெயர் எடுத்தவர். நகரத்தார்கள் அன்றைக்குப் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திக்கொண்டிருந்தார்கள். பரம்பரைத் தொழிலை அப்படியே பார்த்துக்கொண்டு சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் சிதம்பரம் செட்டியார் இளம் வயதிலேயே பொறுப்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வட்டிக் கடையிலிருந்து நவீன நிறுவனங்களின் பக்கம் திரும்பினார்.

1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். வயது இருபத்தெட்டுதான். ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவைத் திறந்தது அந்த வங்கி: காரைக்குடி, சென்னை, ரங்கூன். அடுத்து மலாயாவில் பினாங்கு. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் பர்மா இந்தியாவிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிந்தது. ஊர் எல்லை மாறினாலும் அங்கே இருக்கிற நம்ம ஆட்களின் பணம் பாதுகாப்பாகப் போய்வர வேண்டும் என்பதற்கு, வெளிநாட்டு நாணயப் பரிமாற்றத்தையே முக்கிய வேலையாகக் கொண்ட வங்கி தேவைப்பட்டது. இன்னைக்கு நம்ம ஊர்ப் பக்கம் ஐஓபி பாஸ்புக் வெச்சிருக்கிற எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

வங்கியோடு காப்பீடு. 1906இல் சென்னையில் தோன்றிய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அவர் தலைமையில் வளர்ந்தது. தீ விபத்துக்கும் மற்றப் பொதுக் காப்பீட்டுக்கும் என்று தனியாக ஒரு யுனைடெட் இந்தியா நிறுவனம் 1938இல் வந்தது. கேரளத்தில் பெரும்பாவூருக்குப் பக்கத்தில் திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலையை நிறுவினார். செயற்கை இழைத் தொழிலில் நாட்டுக்கே முன்னோடியான ஆலை அது. அந்த இடத்துக்கு இன்றும் ரேயான்புரம் என்றுதான் பெயர்.

இப்படிப்பட்டவர் தன் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு தலைமை அலுவலகம் கட்ட நினைத்தால் சும்மா ஒரு பங்களாவா கட்டுவார்? அன்றைய மவுண்ட் ரோட்டில், நாட்டிலேயே உயரமான கட்டடம் என்று முடிவு செய்தார். சிவில் நண்பர்கள் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்கணும். சென்னை அதுவரை பெரும்பாலும் செங்கல், சுண்ணாம்பு, பர்மா தேக்கு என்றே வளர்ந்த ஊர். கீழே பல இடங்களில் களிமண். அந்த மண் மேல 50 மீட்டரைத் தாண்டி கான்கிரீட் சட்டகம் நிற்குமா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறைய. லண்டனைச் சேர்ந்த பிரௌன், மௌலின் என்ற கட்டடக் கலைஞர்களிடம் வடிவமைப்பு போனது. முதல் திட்டம் 18 மாடி. கோரமண்டல் இன்ஜினியரிங் நிறுவனம் கட்டியது. 1953இல் வேலை தொடங்கியது.

அடுத்த வருஷம் நடந்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

1954 மார்ச் 13. சிட்னியிலிருந்து லண்டன் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமான நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானம், ஜகார்த்தாவைத் தாண்டி சிங்கப்பூரின் கல்லாங் விமான நிலையத்தில் இறங்க வந்தது. உள்ளே 40 பேர். சிதம்பரம் செட்டியார் அவர்களில் ஒருவர். ஓடுபாதை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, கடலோரத் தடுப்புச் சுவரில் சக்கரங்கள் மோதின. விமானம் உடைந்து, கவிழ்ந்து, தீப்பிடித்தது.

விமானம் விழுந்தது நடுக்கடலிலோ காட்டிலோ இல்லை. விமான நிலையத்துக்குள்ளேயே, தீயணைப்பு வண்டிகளின் கண் முன்னால். ஆனால் கதவுகள் சிக்கிக்கொண்டன. வெளியில் ஓடி வந்தவர்களிடம் விமானத்தின் உடலை வெட்டித் திறக்கச் சரியான கருவி இல்லை. 33 பேர் இறந்தார்கள். பிழைத்த ஏழு பேரும் விமான ஊழியர்கள்தான், பயணிகளில் ஒருவர்கூட உயிரோடு வெளியே வரவில்லை. பின்னால் நடந்த பகிரங்க விசாரணையில், நீண்ட நேரம் பணியில் இருந்த விமானியின் களைப்பும், விமான நிலைய மீட்புப் படையிடம் இருந்த கருவிகளின் போதாமையும் பேசப்பட்டன. உதவி பக்கத்துலயே இருந்தது, ஆனா உள்ளே போக வழி இல்லை. உள்ளே இருந்தவங்களுக்கு வெளியே வர வழி இல்லை.

சிதம்பரம் செட்டியாருக்கு அப்போது வயது 45. மவுண்ட் ரோட்டில் அவருடைய கட்டடம் அஸ்திவார நிலையில் இருந்தது.

அதுக்கப்புறம் கதை அவர் இல்லாமல் நகர்ந்தது. 1956 ஜனவரியில் மத்திய அரசு ஆயுள் காப்பீட்டுத் தொழிலைத் தன் கைக்குள் கொண்டு வந்தது. செப்டம்பர் 1 அன்று 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எல்ஐசி பிறந்தது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீடும் அதில் அடக்கம். பாதியில் நின்ற கட்டடமும் எல்ஐசிக்குப் போனது. லண்டன்காரர்கள் விலகிக்கொள்ள, சென்னையின் கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே மீதி வேலையை முடித்தார். 18 மாடித் திட்டம் குறைந்தது. ஆனாலும் 1959 ஆகஸ்டு 23 அன்று அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தபோது, இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான். ஊர் மக்கள் அதை 14 மாடி என்று கூப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நின்றார்கள். திருத்தணி அப்போது ஆந்திராவில் இருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் நாம சென்னை மாநிலத்துக்கு வந்தோம். அதனால நம்ம தாத்தாக்களுக்கு அந்த 14 மாடி அன்றைக்கு அடுத்த மாநிலத்து அதிசயம்!

1975 ஜூலை 11 அன்று அந்த அதிசயம் தீப்பிடித்து எரிந்தது. காகிதமும் மர மேசையும் நிறைந்த அலுவலகம், தீக்குச் சாப்பாடு ஏராளம். மாடி மாடியாகத் தீ ஏறியது. நகரமே கீழே நின்று பார்த்தது. உள்ளே எல்லாம் கருகியது. ஆனால் கான்கிரீட் எலும்புக்கூடு நின்றது. பழுது பார்த்து மறுபடி அலுவலகம் நடத்தினார்கள். இன்னைக்கும் நீங்க திருத்தணியிலிருந்து லோக்கல் பிடிச்சு சென்ட்ரல் போய், மெட்ரோவில் எல்ஐசி ஸ்டேஷனில் இறங்கினால் அதே கட்டடத்தைப் பார்க்கலாம்.

இந்த இடத்துல இன்ஜினியரிங் படிக்கிற நாம ஒரு தப்பு பண்ணுவோம். கட்டடம் விழலையே, அப்போ டிசைன் சரிதானேன்னு நினைப்போம். கம்பிக்கு மேல போதுமான அளவு கான்கிரீட் மூடியிருந்தால் சூடு உள்ளே போக நேரமாகும், சட்டகம் தாக்குப்பிடிக்கும். அது உண்மை. ஆனால் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் தீயின் சூடு இல்லை, புகை. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு சில நிமிடங்களில் மயக்கத்தைக் கொண்டுவரும். கட்டடம் நூறு வருஷம் நிற்கலாம், அதுக்குள்ள இருக்கிறவருக்கு அந்தச் சில நிமிஷம்தான் கணக்கு.

உயரம் கூடும்போது ரெண்டு விஷயம் மாறுது. ஒன்று, ஏணி. தீயணைப்பு ஏணி எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அது வளாகத்துக்குள் திரும்பி நிற்க இடம் வேண்டும். பார்க்கிங்கில் நாலு கார் குறுக்கே நின்றால் அந்த ஏணி தெருவோடு சரி. இரண்டு, படிக்கட்டும் லிஃப்ட் கிணறும். சூடான புகை லேசானது, மேலேதான் போகும். கதவு திறந்து கிடக்கும் படிக்கட்டு, சமையலறைப் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். கீழ்த்தளத்தில் பிடித்த தீயின் புகை நடு மாடியைத் தொடுவதற்கு முன்னாலேயே மேல் மாடியை நிரப்பிவிடலாம். செகந்தராபாத்தில் 2022 செப்டம்பரில் நடந்தது இதுதான். கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் பிடித்த தீயின் புகை படிக்கட்டு வழியாக மேலே இருந்த லாட்ஜுக்குள் ஏறியது. 8 பேர் இறந்தார்கள்.

பணக்கார ஊரில் மட்டும் இது நடக்காதுன்னு நினைக்காதீங்க. லண்டனில் 2017 ஜூன் 14 விடியற்காலையில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு எரிந்தது. வெளிச் சுவரில் ஒட்டிய எரியக்கூடிய தகடுகள் தீயை மேலே தூக்கிக்கொண்டு போயின. இறங்குவதற்கு இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை ரொம்ப நேரம் மாற்றப்படவில்லை. 72 பேர் உயிரிழந்தார்கள்.

எல்ஐசி கட்டடம் எழுந்தபோது நம் நாட்டில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு என்று ஒன்று இல்லை. அது முதலில் வெளிவந்தது 1970இல். இன்றைக்கு இருப்பது 2016 பதிப்பு. அதில் நாலாவது பகுதி முழுக்கத் தீயும் உயிர்ப் பாதுகாப்பும்தான். அதன்படி 15 மீட்டர் உயரம் வந்தாலே உயர்மாடிக் கட்டடம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் இந்த எல்லை 18.30 மீட்டர். சிதம்பரம் செட்டியார் காலத்தில் இல்லாத பாடம் நம் கையில் புத்தகமாகவே இருக்கிறது. அப்புறம் என்ன குறை?

குறை எங்கேன்னு பார்க்க, இதை எழுதறதுக்கு முன்னாடி எங்க அடுக்குமாடியில் மொட்டை மாடியிலிருந்து தரை வரைக்கும் நானே படியில் இறங்கினேன். தினமும் லிஃப்ட்தான், படியில் இறங்கி ஒரு வருஷம் இருக்கும். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி செக்ரட்டரி வீட்டில், அவர் ஊரில் இல்லை. நாலாவது மாடியில் படி ஓரமாக செருப்பு ஸ்டாண்டு. ரெண்டாவது மாடியில் யாரோ மாற்றிய பழைய பிரிட்ஜ், பாதி வழியை அடைத்துக்கொண்டு. தானே மூடிக்கொள்ள வேண்டிய படிக்கட்டுக் கதவைக் காத்து வரட்டும்னு செங்கல் வெச்சுத் திறந்து வெச்சிருக்காங்க. கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் பேட்டரி சார்ஜ் ஏறுது. ஹோஸ் ரீல் பெட்டிக்குள்ள ஹோஸ் இல்லை, துடைப்பம் இருக்கு.

கட்டியவர் விதிப்படிதான் கட்டியிருக்கார். அடைத்தது நாங்க.

கல்லாங்கில் ஒரு கதவு தற்செயலாகச் சிக்கியது. நம்ம வீடுகளில் திருடன் வருவான், பூனை வரும், இடம் பத்தலை என்று நாமே சிக்க வைக்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதனால, இந்த இதழைப் படிச்சு முடிச்சதும் ஒரு வேலை செய்யுங்க. ஹாஸ்டலோ, வாடகை வீடோ, சொந்த ஃபிளாட்டோ, உங்க மாடியிலிருந்து தரை வரைக்கும் ஒரு தடவை படியில் இறங்கிப் பாருங்க. எத்தனை படின்னு எண்ணுங்க. இரண்டாவது படிக்கட்டு இருந்தால் அது எங்கே திறக்குதுன்னு பாருங்க. வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்குதான்னு தள்ளிப் பாருங்க. திறக்கலைன்னா அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில், அல்லது வார்டனிடம், அன்றைக்கே சொல்லுங்க. திருட்டுப் பயம் நியாயமானதுதான். அதுக்கு, உள்ளிருந்து தள்ளினால் திறந்து, வெளியிலிருந்து திறக்காத பூட்டு கடையில் கிடைக்கிறது.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களுக்கும் சொல்லி வையுங்க. தீ உங்க வீட்டுக்குள்ளேயே என்றால், எல்லாரும் வெளியே வந்து, வரும்போது கதவை மூடுங்க. பூட்ட வேண்டாம், சும்மா மூடினால் போதும். அந்த ஒரு கதவு மற்ற வீட்டாருக்குப் பல நிமிஷம் வாங்கித் தரும். அக்கம்பக்கத்தைத் தட்டிச் சொல்லிக்கொண்டே படியில் இறங்குங்க. லிஃப்ட் வேண்டவே வேண்டாம். கரண்ட் போனால் அது நடுவில் நின்றுவிடும். கதவுக்கு வெளியே படிக்கட்டு முழுக்கப் புகை என்றால் அதற்குள் ஓடாதீங்க. திரும்ப உள்ளே வந்து கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணி வைத்து, பால்கனியிலோ ஜன்னலிலோ நின்று 101 அல்லது 112க்குக் கூப்பிட்டு, எந்த மாடி, எந்தக் கதவு எண் என்று சொல்லுங்க. புகைக்குள் போயே தீர வேண்டும் என்றால் குனிந்து, தரையோடு தரையாக. நல்ல காற்று கீழேதான் இருக்கும். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடுங்க.

சிதம்பரம் செட்டியார் வாழ்நாள் முழுக்க வங்கியும் காப்பீடும் நடத்தினார். இழப்பு வந்த பிறகு குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கிற தொழில் அது. மரியாதைக்குரிய தொழில். ஆனால் அவர் முடிவை நினைக்கும்போது, இழப்புக்கு முன்னால் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று இருக்கிறதே என்று தோன்றுகிறது. கதவு திறக்குதான்னு பார்க்கிற வேலை. அதுக்குப் பிரீமியம் எதுவும் கிடையாது.

அடுத்த தடவை அண்ணா சாலை பக்கம் போனீங்கன்னா அந்தக் கட்டடத்தை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. அதன் முதல் மாடியைக்கூட அவர் பார்க்கவில்லை. நம்ம ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இப்போ மாடி மேல மாடி எழும்புது. நாளைக்கு அதில் சிலதுக்கு வரைபடம் போடப் போறவங்க இந்த இதழைப் படிக்கிற நீங்கதான். மலைக்குப் படியும் வெச்சு ரோடும் போட்ட ஊர்க்காரங்க நாம. எந்த வரைபடமானாலும் முதல்ல இறங்குற வழி ரெண்டைப் போட்டுட்டு, அப்புறம் பென்சிலை மேலே கொண்டு போங்க.